பேப்பர்ல வந்திரிக்கி

"மிஸ், முகத்துவாரத்த வெட்டிட்டாங்க. இஞ்ச பாருங்க, வீடியோ வந்திரிக்கி."

ஓட்டோ ஓட்டும் நிப்றாஸ், நனைந்த சேர்ட்டோடு வாசிகசாலைக்குள் வந்து போனை நீட்டினான். மழையால் கல்முனைக்கு ஹயர் ஓட்டம் ஒன்றும் இல்லை. அதனால் காலையிலேயே வந்துவிட்டான்.

நூலகர் ஸம்ஸியா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல மம்பட்டியோட நிக்கிறது ஆரு?"

"நம்மட கச்சிமுகம்மது காக்கா."

"அவர் மௌத்தாகி மூணு வருஷம். குழிக்குள்ள இரிந்து எழும்பி வந்தா வெட்டினாரு?"

நிப்றாஸ் தலையைச் சொறிந்தான்.

"எத்தின தரம் சொல்லிட்டன், திகதியப் பாத்துப்போட்டு அனுப்புங்க எண்டு. இத ஆருக்கெல்லாம் அனுப்பின?"

"எல்லா குறூப்புக்கும் போட்டுட்டன், மிஸ்."

"நல்லம். இனி வெட்டியாச்சி எண்டு ஊரே போத்திட்டுப் படுக்கும்."

மேசைக்கு அந்தப் பக்கம் விவசாயி அப்துல் ஸமட் இருந்தார். அவருடைய நெல் வயல் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது. ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தை மணல் மேடு அடைத்திருந்தது. அதை வெட்டிவிட்டால்தான் வயல் தண்ணீர் கடலுக்குப் போகும்.

"நாளைக்கும் வடியாட்டி வேளாண்மை அழுகிடும், தங்கச்சி" என்றார்.

"சேர்மன்ட்ட போனீங்களா, காக்கா?"

"போனன். மேல கேக்கணுமாம். மேல கேட்டா, அது சபைட வேலையாம்."

"சபைட மண் வெட்டுற பெக்கோ எங்க?"

"சபை முத்தத்துலதான் நிக்கிது. என்னப் போல அதுவும் நனையிது."

ஸம்ஸியாவுக்குச் சிரிப்பு வந்தது. செய்தி எதுவானாலும் அதற்கு ஒரு வியாக்கியானம் சொல்லாமல் அவரால் இருக்க முடியாது.

"நேத்து சேர்மன் பேஸ்புக்ல லைவ் போட்டாரே, பாத்தீங்களா? முழங்கால் தண்ணிக்குள்ள நிண்டு, அழாத குறை. முந்தி அரசியல்காரன் வாக்குக் குடுத்தா, அடுத்த எலக்சனுக்காவது அதச் செய்யணும் எண்டு ஒரு பயம் இரிந்திச்சி. இப்ப லைக் வந்தாப் போதும், வேல முடிஞ்ச மாதிரி. இன்னும் கொஞ்ச நாள்ல தண்ணிக்குள்ள இறங்கவும் தேவயில்ல. ஏஐயிட்டக் குடுத்தா அது அழுது குடுக்கும்."

"அப்ப எதத்தான் நம்புற, மிஸ்?" என்றான் நிப்றாஸ்.

"நாம எத நம்புற எண்டு தெரியா. சேர்மன் நம்புறது ஒண்டு இரிக்கி. பேப்பர். அதுவும் அவர்ட பேர் வந்த பேப்பர்."

வெளியே வாகனம் ஒன்று நின்றது. ஸம்ஸியா எட்டிப் பார்த்தார். சபையின் சேர்மன், தவிசாளர் ஷரிபுதீன், குடையை விரித்துக்கொண்டிருந்தார். எந்த வேலை கிடந்தாலும், பேப்பரில் தன் பேரைத் தேட வாசிகசாலைக்கு வந்துவிடுவார்.

"இரிங்க, இன்னும் பேப்பர் மேசைக்குப் போடல்ல" என்று ஸம்ஸியா உள்ளறைக்குப் போனார். கொஞ்சம் சுணங்கி வந்தார். கையில், மேல் ஓரத்தை மரக்கம்புக்குள் இறுக்கிய ஒரு பேப்பர் தொங்கியது.

"மூணு நாளா இந்தப் பக்கம் வரக் கிடைக்கல்ல, மிஸ்" என்றபடி தவிசாளர் கதிரையை இழுத்தார். "நம்மட நியூஸ் ஏதும் இரிக்கா?"

"முன்பக்கத்துலயே இரிக்கி, சேர்."

கரண்ட் இல்லாத அறை. தவிசாளர் நன்றாகக் குனிந்து சத்தமாக வாசித்தார். "முகத்துவாரம் நாளை வெட்டப்படும். தவிசாளர் உறுதி."

அடுத்த வரியில் அவர் குரல் இறங்கியது. "விவசாயிகள் அழுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன் எனவும் அவர் தெரிவித்தார்..."

நிமிர்ந்தார். "இத நான் எப்ப..."

அதற்குள் அப்துல் ஸமட் எழும்பி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "பேப்பர்லயே சொல்லிட்டீங்களா, சேர்மன்? இதச் சொன்ன வாய்க்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும். நான் உங்களப் பத்திப் பிழையா நினைச்சிட்டன்."

நிப்றாஸ் போனைத் தூக்கினான். "சேர், லைவ் போடவா?"

தவிசாளர் போனைப் பார்த்தார். கையை விடாத ஸமட்டைப் பார்த்தார். கொலரைச் சரிசெய்துகொண்டார்.

"ஓம், நான்தான் சொன்னன். சொன்னாச் செய்யிற ஆள் நான்." பிறகு ஸம்ஸியாவின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "படத்தப் போடாம உட்டிருக்கானுகள், பாத்தீங்களா?"

"வெட்டினாப் பொறகு போடுவாங்க, சேர். பெக்கோவுக்குப் பக்கத்துல நிண்டா பெரிசாவே போடுவாங்க."

"அப்ப நாளைக்கு என்னத்துக்கு? இண்டைக்கே வெட்டுவம்" என்று தவிசாளர் பெக்கோ ட்ரைவருக்குப் போனில் கோல் எடுத்தார்.

பின்னேர அஸர் தொழுகைக்கு முன்னமே மணல் மேடு உடைந்தது. நிப்றாஸின் வீடியோ ஸம்ஸியாவின் போனுக்கு வந்தது. கலங்கிய வயல் தண்ணீர் இரைந்துகொண்டு கடலுக்குள் விழுந்தது. கரையில் அப்துல் ஸமட் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். பெக்கோவுக்குப் பக்கத்தில் தவிசாளர்.

ஸம்ஸியா முதலில் திகதியைப் பார்த்தார். இன்றையதுதான்.

வாசிகசாலையைப் பூட்டுமுன் அந்தப் பேப்பரைக் கம்பிலிருந்து கழற்றினார். வெள்ளத்தில் பாதை மூடியதிலிருந்து ஊருக்குப் பேப்பரே வரவில்லை. திகதியோடு கம்புக்குள் மறைந்திருந்த மேல் ஓரத்தை நீவிவிட்டு, எட்டு வருடங்களுக்கு முந்திய டிசம்பர் மாதக் கட்டுக்குள், அப்போதைய தவிசாளர் வெட்டுவதாகச் சொல்லி வெட்டாமலே விட்ட அந்த நாட்களுக்குரிய இடத்தில், அதைத் திரும்ப வைத்துக் கட்டினார்.