சிட்டு பெயரில் ஒரு ஸ்காலர்ஷிப்

"இந்தப் பொண்ணுக்குக் குடுக்க வேண்டாம்" என்றார் டாக்டரம்மா.

குதிரையேற்றக் கிளப்பின் செயலாளர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"மேடம், வந்த பிள்ளைங்கள்ல மார்க் இவளுக்குத்தான் அதிகம். கிளப்புக்குப் பதக்கமும் வாங்கிக் குடுத்திருக்கா. கமிட்டியில எல்லாருக்கும் சம்மதம்."

"எனக்குச் சம்மதம் இல்ல."

கிளப்பில் உறுப்பினராக இருக்கும் பிள்ளைகளின் மேல்படிப்புக்காக அந்த ஸ்காலர்ஷிப். டாக்டரம்மாவின் ஒரே மகள் சிட்டுவின் பெயரில் வைத்திருந்தார்கள். தடை தாண்டும் போட்டியில் குதிரையோடு சேர்ந்து விழுந்து, அதன் அடியிலேயே சிக்கி உயிரை விட்டவள் சிட்டு. மகள் பெயர் என்பதால் தேர்வுக் கமிட்டியில் அம்மாவுக்கும் ஒரு நாற்காலி. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மேஜைக்கு எதிரில் நின்றவள் சிட்டுவின் உயிர்த்தோழி. நல்ல உயரம். சிட்டு அவளை 'நெட்டச்சி' என்றுதான் கூப்பிடுவாள்.

டாக்டரம்மா அவளை நேராகப் பார்த்தார்.

"அன்னைக்கு அந்தக் குதிரையில நீதான ஏற வேண்டியது?"

"ஆமா ஆன்ட்டி."

"ஏன் ஏறல?"

நெட்டச்சியின் பார்வை செயலாளரிடம் போய்த் திரும்பியது.

"வயித்து வலி ஆன்ட்டி."

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லு."

அவளால் முடியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க மேடம், பாவம், சின்னப் பொண்ணு" என்று செயலாளர் குறுக்கே விழுந்தார். "நடந்தது நடந்து போச்சு. அதையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறிக்கிட்டு..."

"பொய் சொல்றவளுக்கு எம் பொண்ணு பேர்ல எதுவும் குடுக்க முடியாது."

நெட்டச்சி விசும்பிக்கொண்டே வெளியே ஓடினாள்.

"பெத்த வயிறு பத்தி எரியுது. அதுக்கு இந்தப் பொண்ணா கிடைச்சா?" கமிட்டிக்காரர் ஒருவர் பக்கத்து நாற்காலிக்காரரிடம் முணுமுணுத்தது டாக்டரம்மாவின் காதிலும் விழுந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

கார் நிறுத்துமிடத்தில் நெட்டச்சியின் அப்பா வழிமறித்தார். அச்சகம் நடத்தி நொடித்துப்போனவர். மகளின் படிப்புக்கு இந்த ஸ்காலர்ஷிப்பைத்தான் மலைபோல நம்பியிருந்தார்.

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா டாக்டரம்மா? உங்க பொண்ணு போனதுக்கு எம் பொண்ணு என்ன பண்ணுவா? அன்னைக்கு இவ ஏறியிருந்தா இவ போயிருப்பா, உங்க பொண்ணு இருந்திருப்பா. அதானே உங்க வயித்தெரிச்சல்?"

"ஆமா. அதான்."

அவர் ஓரடி பின்வாங்கினார். இப்படிப் பட்டென்று ஒப்புக்கொள்வார் என்று எதிர்பார்க்கவில்லை.

"ரொம்ப நாள் அப்படித்தான் வெந்துக்கிட்டு இருந்தேன்" என்றார் டாக்டரம்மா. "அப்புறம்தான் ஒவ்வொண்ணா உறைச்சுது. சிட்டு போன மறுவாரமே அந்தக் குதிரையை வித்துட்டாங்க. யாருக்குன்னு கேட்டா ஆளுக்கொரு கதை சொல்றாங்க. நான் வக்கீலைப் பார்த்தேன்னு தெரிஞ்சதும் திடீர்னு ஸ்காலர்ஷிப் முளைக்குது. நேர்முகம் நடக்கிறதுக்கு முன்னாடியே உங்க பொண்ணுக்குத்தான்னு முடிவும் ஆயிடுது."

"நல்லாப் படிக்கிறவ, குடுக்கிறாங்க..."

"நிபந்தனையைப் படிச்சீங்களா? அதை வாங்கினா, படிப்பு முடியற வரைக்கும் கிளப்பைப் பத்தி வெளிய வாயே திறக்கக் கூடாது. அவ எதையோ சொல்ல முடியாம தவிக்கிறா, பார்த்தாலே தெரியுது. அந்த வாயை அடைக்க எம் பொண்ணு பேர்தான் கிடைச்சுதா இவங்களுக்கு?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"அவ படிப்பை நான் பார்த்துக்கறேன். வக்கீல்கிட்ட வந்து ஏதாவது சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி. அதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட மாட்டேன். இது சத்தியம்."

அப்பாவுக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்றிருந்த நெட்டச்சி மெல்ல முன்னால் வந்தாள்.

"அந்தக் குதிரைக்கு வலது கண்ணு தெரியாது ஆன்ட்டி."

டாக்டரம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டிக்கு முதல் நாள் ஓட்டிப் பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. வலது பக்கம் கட்டையில இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. செயலாளர் சார்கிட்ட சொன்னேன். அதை விலைக்கு வாங்கறவங்க போட்டியைப் பார்க்க வர்றாங்க, விலை படியற வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னாரு. எனக்குப் பயமாயிடுச்சு. வயித்து வலின்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன். எனக்குப் பதிலா சிட்டுவை ஏறச் சொல்லிட்டாரு."

"சிட்டுகிட்ட சொன்னியா?"

நெட்டச்சி அப்பாவின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். அவகிட்ட சொன்னியா?"

"ஏன்டி நீ ஏறலைன்னு அவ கேட்டா ஆன்ட்டி..." நெட்டச்சியின் குரல் உடைந்தது. "அவகிட்டயும் வயித்து வலின்னுதான் சொன்னேன்."

"அடிப்பாவி!" அப்பா கையை ஓங்கிக்கொண்டு திரும்பினார்.

டாக்டரம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். அந்தப் பெண்ணை நிமிர்ந்து பார்க்க அவரால் முடியவில்லை. காரின் மேல் சாய்ந்து, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். தோள் மட்டும் குலுங்கியது. அப்பாவும் மகளும் போகவும் தெரியாமல், நிற்கவும் தெரியாமல் நின்றார்கள்.

பிறகு டாக்டரம்மா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். அப்போதும் திரும்பவில்லை.

"காலேஜ் என்னைக்குத் திறக்குது?"