இரண்டு கை வேலை

“இது ஒரு கை வேலை இல்லை, ரெண்டு கை வேலை. எனக்கே காது குத்தப் பாக்குறீங்களா?”

நடுவர் பர்ட்டன் மோஷர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தீயணைப்பு நிலையக் கூடத்தில், மாதிரிக் கப்பல் போட்டிக்குப் பெயர் கொடுக்க வந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். போன வருஷம் ஒருவன் கடையில் வாங்கிய கப்பலைத் தன் கைவேலை என்று கொண்டுவந்து முதல் பரிசைத் தட்டிக்கொண்டு போனான். கொடுத்தவர் இதே பர்ட்டன். லூனன்பர்க் துறைமுகம் முழுக்கச் சிரித்தது. இந்தத் தடவை எவனும் தன் தலையில் மிளகாய் அரைக்க முடியாது என்று உறுதியாக இருந்தார்.

எதிரே நின்றவர் லாக்லன் மெக்னீல். கோடையில்தான் கேப் பிரெட்டன் தீவிலிருந்து மகள் வீட்டுக்குக் குடிவந்த புது ஆள். ஆளைப் பார்த்ததுமே பர்ட்டனுக்குப் பிடிக்கவில்லை. கப்பலை மனைவி எஃபிதான் மார்போடு அணைத்துத் தூக்கி வந்தாள். இவரோ இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு மகாராஜா மாதிரி பின்னால் வந்தார். பர்ட்டன் குலுக்குவதற்காகக் கையை நீட்டியபோது வெறுமனே தலையை ஆட்டினார். திமிர் பிடித்த மனுஷன்.

“நீயே பாரு ஏவரி,” என்று பர்ட்டன் பக்கத்திலிருந்த சக நடுவரிடம் கப்பலைச் சாய்த்துக் காட்டினார். “இந்தப் பக்கம் பலகைக்கும் பலகைக்கும் நடுவுல தலைமுடி நுழையாது. முனையில எப்படி இழைச்சு வளைச்சுச் சேர்த்திருக்கான் பாரு. தேர்ந்த கை.”

கப்பலை மறுபக்கம் திருப்பினார்.

“இங்க பாரு. பசை வழிஞ்சு கிடக்கு. இடுக்குல காசு போட்டு வைக்கலாம். போதாக்குறைக்கு ஒவ்வொரு பலகையிலயும் எலி கடிச்ச தடம் வேற. இது கத்துக்குட்டி கை.”

ஏவரி கப்பலின் வயிற்றுக்குள் எட்டிப் பார்த்தார். “உள் அடுக்குப் பலகை ரெண்டு பக்கமும் நல்லாத்தானேப்பா இருக்கு?”

“அதைத்தான் சொல்றேன். உள் அடுக்கு முழுக்கவும், வெளி அடுக்குல ஒரு பக்கமும் ஒரு ஆள். மிச்சத்தை வேற யார்கிட்டயோ தள்ளிவிட்டிருக்காரு.”

“போன வருஷத்துச் சூடு இன்னும் ஆறலையா உனக்கு?”

“ஆறாது. பலகை பதிக்கிறது முழுக்க ஒரே ஆளா இருக்கணும்னு விதி. நாம விதியை எழுதிட்டு நாமளே கண்ணை மூடிக்கணுமா?”

எஃபியின் முகம் சிவந்துவிட்டது. “ஒரே ஆளுதாங்க. சத்தியமா. மூணு வருஷமா இந்த மனுஷன் காலையில படுக்கையை விட்டு எழுந்திரிச்சதே இந்தக் கப்பலுக்காகத்தான். இதைப் போட்டியில வைக்க மாட்டேன்னு சொல்லிடாதீங்க.”

“நீங்க ஒண்ணும் பண்ணலையா?”

“பசை டப்பாவைத் திறந்து கொடுத்ததோட சரி.”

“ஓ, அதைக்கூட ஐயாவுக்குத் திறக்க முடியாதோ?”

ஏவரி மேசைக்கடியில் பர்ட்டனின் காலை மிதித்தார். எஃபியின் கண்கள் நிறைந்துவிட்டன. “உங்களுக்கு என்ன தெரியும்? இவரு...”

“எஃபி,” என்றார் லாக்லன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்தினாள்.

பர்ட்டனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. செய்கிறதையும் செய்துவிட்டுப் பெண்டாட்டி வாயை வேறு அடைக்கிறாரா?

“அவங்க எதுக்கு உங்களுக்காகப் பேசணும்? உங்களுக்கு வாய் இல்லையா?” படிவத்தை எடுத்து அவர் முன்னால் தள்ளினார். “இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க. முழுக்க ஒரே ஆளின் கைவேலை. அது உண்மைன்னா கையெழுத்துப் போடுங்க. பொய்னு தெரிஞ்சா கப்பலும் வெளியில, நீங்களும் வெளியில.”

லாக்லன் படிவத்தை நிதானமாகப் படித்தார். பிறகு இடது கையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்தார். அந்தக் கையாலேயே வலது கையைப் பிடித்து வெளியே தூக்கி, காகிதம் நகராதபடி அதன்மேல் பாரமாக வைத்தார். அது வைத்த இடத்திலேயே கிடந்தது.

“நீங்க சொன்னது சரிதான். ரெண்டு கை வேலை,” என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். “நல்லா இருக்கிற பக்கம், பக்கவாதம் வர்றதுக்கு முன்னாடி இந்தக் கை பண்ணினது.”

இடது கையால் பேனாவைப் பிடித்துக் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

“மறுபக்கம் இது பண்ணினது. பலகையைப் பிடிச்சுக்க இன்னொரு கை இல்லை. கடிச்சது எலி இல்லைங்க, நான்தான்.”