கவுண்டரில் ஒரு பதில்

கல்யாணமான இருபத்தெட்டு வருஷத்தில் வேதமுத்துவுக்காக வெளியாட்களிடம் பேசியதெல்லாம் அவர் மனைவி ஜெபமணிதான். அவருக்குத் திக்குவாய். டாக்டரிடமும் பேங்கிலும் அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பதில் சொல்லி முடித்திருப்பாள். விசா நேர்காணலுக்காகத் திருநெல்வேலியிலிருந்து சென்னைக்கு வந்த ரயிலிலும், "நீங்க சும்மா நில்லுங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தாள்.

தூதரகக் கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த வெள்ளைக்காரப் பெண் தமிழிலேயே, "எதுக்குப் போறீங்க?" என்று கேட்டாள். ஜெபமணி ஆரம்பித்ததும் அந்தப் பெண் கையைக் காட்டி நிறுத்தினாள். "அவர் சொல்லட்டும்."

வேதமுத்து கவுண்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "ம... ம..." கழுத்து நரம்பு புடைத்தது. பின்னால் யாரோ செருமினார்கள். ஜெபமணிக்கு அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"மகளுக்கு ப... ப... பட்டம் குடுக்காங்க."

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தாள். அவர் விடவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டார். "எங்க வம்சத்துலயே மு... முதல் டாக்டர் பட்டம். நா... நான் அங்க எந்திரிச்சு நின்னு கை... கைதட்டணும்."

அந்தப் பெண் கடைசி எழுத்துவரை காத்திருந்தாள். பிறகு சிரித்தாள். "நல்லாத் தட்டுங்க. விசா கிடைச்சிடுச்சு."

வெளியே வெயில் கொளுத்தியது. ஓர் ஆட்டோ வந்து நின்றது. "எங்க சார் போகணும்?"

வேதமுத்து ஒரு அடி முன்னால் வைத்தார். "மெ... மெரி..."

ஆட்டோக்காரர் ஜெபமணியைப் பார்த்தார். அவள் கைப்பையை அணைத்துக்கொண்டு, ஒரு அவசரமும் இல்லாமல், தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.