லானில் முளைத்த களை

"இது இன்னாம்மே?"

மேஸ்திரி தணிகாசலத்தின் குச்சி புல்தரையின் மூலையைக் காட்டியது.

"நெல்லு, மேஸ்திரி" என்றாள் செல்லியம்மாள்.

"நெல்லு இல்ல, களை. லான்ல புல்லைத் தவிர எது மொளைச்சாலும் களைதான். புடுங்கு."

கும்மிடிப்பூண்டி கம்பெனித் தோட்டத்தில் அவள் சேர்ந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. பதினைந்து நாள் பார்த்துவிட்டு மேஸ்திரி சரி என்றால்தான் வேலை நிலைக்கும். இதற்கு முன் எளாவூர்க் கழனிகளில் கூலிக்குக் களையெடுத்தவள். அங்கே புல்லைப் பிடுங்கி நெல்லை விட்டாள். இங்கே நெல்லைப் பிடுங்கிப் புல்லை விட வேண்டும்.

எருவோடு வந்து விழுந்த நெல். பத்திருபது நாற்று, ஒரு சாண் உயரம். காற்றுக்குத் தலையாட்டியது. சுற்றிலும் கத்தரித்த புல் அசையவே இல்லை.

"கதிரு வர்ற வரைக்கும் இருக்கட்டுமே, நைனா."

"திங்கக்கிழமை பம்பாயிலேர்ந்து மொதலாளி வர்றாரு. லான்ல அறுப்பு அறுக்கறதப் பாக்கவா வர்றாரு?"

கூட வேலை செய்த முத்தம்மாள் சிரித்துவிட்டாள். "புடுங்கிடு யக்கா. நம்ம மேஸ்திரி பட்டணத்து பங்களாவுல ரோசாச் செடி பாத்துக்கினு இருந்தவரு. சேத்துல கால வெச்சதே இல்லன்னு பெருமையா சொல்லிக்கினு திரிவாரு. நெல்லு எந்த மரத்துல காய்க்குதுன்னு கேட்டாலும் கேப்பாரு."

"காதுல வுழுது, முத்தம்மா" என்றார் மேஸ்திரி.

செல்லியம்மாள் உட்கார்ந்து நாற்றின் அடியைப் பிடித்தாள். விட்டுவிட்டாள்.

"கை வர மாட்டேங்குது, மேஸ்திரி. வேற எந்த வேலை குடுத்தாலும் செய்றேன். கக்கூஸ் பக்கம் கூட்டச் சொல்லு, கூட்டறேன்."

"சொன்ன வேலைய செய்யாதவ எனக்கு எதுக்கு? சனிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் டைம். களை இருந்தா நீ இருக்க மாட்டே."

சனிக்கிழமை மதியம் சோற்றைப் பிசைந்துகொண்டே அவள் முடிவு செய்தாள். வீட்டில் மூன்று வயிறு. பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

கையைக் கழுவிக்கொண்டு போனால், மூலை வெறுமையாக இருந்தது. மண்ணைத் தட்டிச் சமன் செய்து தண்ணீரும் தெளித்திருந்தது.

"யாரு மேஸ்திரி புடுங்கினது?"

"யாரு புடுங்கினா இன்னா? களை போச்சு. திங்கக்கிழமை வந்துடு, வேலை நெலைச்சிட்ச்சு."

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. அவள் வெறும் மூலையையே திரும்பிப் பார்த்தாள். "மனசே இல்லாத மனுசன்" என்று முத்தம்மாளிடம் முணுமுணுத்தாள்.

சாயங்காலம் களைக்கொட்டைக் கழுவ பம்ப்செட்டுக்குப் பின்னால் போனாள். குழாய்த் தண்ணீர் வழிந்து தேங்கும் சேற்றில், அந்த நாற்றுகள்!

இரண்டு வரிசை. இரண்டும் கோணல்மாணல். ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் பெரிய இடைவெளி. நடவு தெரிந்த எந்தப் பெண் கையும் இப்படி நடாது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னாம்மே அங்க வேடிக்கை?" பின்னால் மேஸ்திரியின் குரல். "அது லானும் இல்ல, அங்க இருக்கறது களையும் இல்ல."

திரும்பினாள்.

சேற்றில் கால் வைத்தே அறியாதவருடைய முழங்கால் வரைக்கும் சேறு காய்ந்திருந்தது.