இலவச ரசனை

‘கருங்கல்’ இசைக்குழு பறையை விட்டுவிட்டு பாப் பாட்டுக்கு மாறியதும், குழுவை நடத்துபவர்கள் ரசிகர்கள் எல்லோருடைய காதுக் கருவியிலும் புது ரசனையை இலவசமாக ஏற்றினார்கள். பிலோமினா மட்டும் மறுத்துவிட்டாள்.

“ஒரு நிமிஷம்தான்க்கா. ஏத்தினதும் பிடிச்சிரும்,” என்றாள் தோழி ஜெசிந்தா.

“பிடிச்சிட்டா அப்புறம் எப்படிட்டி ஏசுவேன்?”

கச்சேரியில் கூட்டமே ஆடியது. பிலோமினா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். முடிந்ததும், குழுவில் முன்பு பறை அடித்த ரூபன் அவளைத் தேடி வந்தான்.

“பிடிக்கலையாக்கா?”

“சீனித்தண்ணி மாதிரி இருக்கு.”

“எனக்கும் ஏத்திட்டாங்க. நான் அடிச்ச அடி எனக்கே இரைச்சலாக் கேக்குது. அதுல என்னதான் இருந்துச்சு? நீங்களாவது சொல்லுங்க.”

“உக்காரு தம்பி. நீ அடிச்ச அடியை இந்த நாற்காலியிலயே அடிச்சுக் காட்டுறேன். காதைப் பொத்தினா கையை முறிச்சிருவேன்.”