பிரதீஷ் ஏன் ஆடவில்லை?

கால்பந்து காலால் ஆடப்படுவது என்றொரு நம்பிக்கை உலகெங்கும் நிலவுகிறது. இது பிழை. குலசேகரத்துச் செவன்ஸ் ஆட்டத்தில் காலால் ஆடுகிறவர்கள் பதினான்கு பேர். கயிற்றுக்கு வெளியே நின்று வாயால் ஆடுகிறவர்கள் நானூறு பேர். எதையும் பெரும்பான்மையை வைத்துத்தான் வரையறுக்க வேண்டும்.

அந்த நானூறு பேரில் முதல்வர் ரப்பர் ஷீட் வியாபாரி சத்தியநேசன். விடியல் கிளப்பின் செயலாளரும் அவரே. ஆயுளில் ஒருமுறைகூடப் பந்தை உதைத்ததில்லை. அதனால் அவருடைய ஆட்ட ஞானம் எந்த அனுபவத்தாலும் கெட்டுப்போகவில்லை.

அவருக்குத் தீராத வருத்தம் ஒன்று உண்டு. அதன் பெயர் பிரதீஷ்.

விடியலுக்கு ஆடும் அந்தப் பயலின் இடது காலுக்குப் பந்து போய்விட்டால் எதிரணி கோல்கீப்பர் சாமியைக் கூப்பிட வேண்டியதுதான். ஆனால் பயல் மைதானத்துக்கு வந்தால்தானே? இந்த வருடம் பதினேழு ஆட்டங்களில் அவன் ஆடியது ஆறு. ஒரு நாள் வந்து கோல் அடிப்பான். அடுத்த மூன்று நான்கு ஆட்டங்களுக்கு முதுகு, முட்டு, கணுக்கால் என்று ஏதாவது ஓர் உறுப்பின் பெயரைச் சொல்லி அனுப்புவான்.

"பய கண்ணாடிப் பாத்திரமாக்கும்," என்பார் சத்தியநேசன். "அலமாரியில வச்சுப் பாக்கலாம். சோறு போட்டுத் திங்க முடியாது."

கோல் விழும் நிமிடத்தில் மட்டும் இதெல்லாம் மறந்துபோகும். கயிற்றைத் தாண்டி முதலில் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடிப்பவரும் அவர்தான். அன்பில் அவர் குறை வைத்ததே இல்லை.

அரையிறுதியில் பிரதீஷ் அடித்த கோலால் விடியல் இறுதியாட்டத்துக்கு வந்தது. மறுநாளே சேதி வந்துவிட்டது: முட்டு வலி.

சத்தியநேசன் பொறுமை இழந்தார். ஞாயிற்றுக்கிழமை கிளப் கூட்டத்தில் வாசிக்கத் தீர்மானம் ஒன்று எழுதினார். பிரதீஷின் பெயரை நீக்குவது. பாறசாலையிலிருந்து வேறொருவனை இறக்குவது. கிளப்பில் பெயர் இல்லாவிட்டால் மாவட்ட அணித் தேர்வுக்கும் பயல் போக முடியாது. போக வேண்டாம், அப்போதுதான் படிப்பான் என்று அவர் தனக்குத்தானே விளக்கம் சொல்லிக்கொண்டார்.

சனிக்கிழமை கேப்டன் அஜின் கடைக்கு வந்து, பிரதீஷ் மூன்று நாளாக இரணியலில் பஸ் இறங்குவதைப் பார்த்த ஆள் இருக்கிறது என்றான்.

"முட்டு வலிக்காரனுக்கு இரணியல்ல என்னலே சோலி?"

வேறு கிளப்புக்குத் திருட்டுத்தனமாக ஆடுகிறான் என்பதில் சத்தியநேசனுக்குச் சந்தேகமே இல்லை. கையும் களவுமாகப் பிடிக்க ஜீப்பை எடுத்துக்கொண்டு புறப்பட்டார்.

இரணியலில் அவர் பார்த்துக்கொண்டிருக்க, பிரதீஷ் பஸ்ஸிலிருந்து இறங்கினான். நொண்டி நொண்டி ஒரு சந்துக்குள் போனான். கடைசியில் நுழைந்த இடம் சிலுவைதாசன் ஆசானின் வர்ம வைத்தியசாலை.

சத்தியநேசன் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தார். அரைமணி நேரம் கழித்து, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு ஆசான் வெளியே வந்தார். பிள்ளையின் வீட்டு ஆளா என்று கேட்டார். இவர் தலையாட்டி வைத்தார்.

"அப்பம் கேட்டுக்கிடும். இது நாலாவது தடவையாக்கும். ஒரு தடவகூட ஆட்டத்துல பட்ட அடி இல்ல. இவன் கோல் போட்ட ஒடனே, ஊர்ல ஒரு தடியன் ஓடிவந்து இவன் மேல சாடி விழுவானாம். முதுகு, முட்டு, கணுக்கால், எல்லாம் அந்த ஒருத்தனுக்க வேலை. பட்டிருக்க அடியப் பாத்தா ஆளு எப்படியும் ஒரு குவிண்டால் காணும்."

சத்தியநேசன் வயிற்றை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

"ஆருன்னு சொன்னானா?"

"கேட்டுப் பாத்தாச்சு, சொல்ல மாட்டேங்கியான். அவரு சந்தோசத்துல செய்யியாரு ஆசானே, தெரிஞ்சா பின்ன கிரவுண்டு பக்கமே வரமாட்டாரு, பாவம்னு சொல்லுகான். பாவமாம். நான் கண்டா அவனுக்க இடுப்புல ரெண்டு தட்டு தட்டி அனுப்புவேன்."

அப்போது முட்டில் கட்டோடு பிரதீஷ் வெளியே வந்தான். சத்தியநேசனைப் பார்த்ததும் முந்திக்கொண்டு சொன்னான்.

"மாமா... அரையிறுதியில அந்த டீமுக்க ஸ்டாப்பர் மிதிச்சதாக்கும்."

"ஆமா மக்கா," என்றார் சத்தியநேசன். "நானும் கண்டேன்."

அவனை ஜீப்பில் ஏற்றி வீட்டில் விட்டார். வழியெல்லாம் பள்ளம் பார்த்து ஓட்டினார். பிறகு கடைக்குப் போய், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஷீட் நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். நூற்று மூன்று. ஆசான் மூன்று கிலோ குறைத்துச் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் அவர் வாசித்த தீர்மானம் வேறு: கோல் விழுந்தபின் பார்வையாளர் எவரும் கயிற்றைத் தாண்டக் கூடாது.

"அப்படி ஆரு தாண்டுகான்?" என்று கேட்டுவிட்டு அஜின் அவரையே பார்த்தான்.

"செல ஆளுகளுக்கு வெவரம் இல்ல," என்றார் சத்தியநேசன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

இரண்டு வாரம் கழித்து நடந்த இறுதியாட்டத்தில், கட்டு அவிழ்த்த முட்டோடு பிரதீஷ் ஆடினான். கடைசி நிமிடத்தில் அவன் இடது காலில் அடித்த பந்து வலைக்குள் போனபோது, சத்தியநேசன் கூட்டத்தை விட்டு விலகி, கைக்கு எட்டும் தூரத்தில் மனிதர் எவரும் இல்லாத ஓரத்தில், மைதானத்தை ஒட்டிய இளம் ரப்பர் தோட்டத்துக்குள் தனியாக நின்றிருந்தார்.

மறுநாள் காலை அந்தத் தோட்டத்துக்காரர், இரண்டு வயது ரப்பர் கன்று ஒன்று நடுவில் ஒடிந்து கிடப்பதாகவும், காட்டுப்பன்றிகளின் அட்டகாசத்துக்கு உடனே முடிவு கட்டுமாறும் வனத்துறைக்கு மனு கொடுத்தார்.