மெட்டி விரல்

"காலைக் குடு" என்று என் வீட்டுக்காரர் கேட்டதும் நான் காலைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டேன்.

இழுத்த வேகத்தில் விரலுக்குள் இருந்த கம்பி சுரீரென்றது. கண்ணில் நீர் முட்டியது. அதை இவரிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வாசலில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இவர் மருந்துக் கிண்ணமும் பஞ்சுமாக எதிரே நின்றார்.

என் வலது காலில் மெட்டி போடும் விரல் பிறவியிலேயே கட்டைவிரல் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. வயசு ஏற ஏற அதன் திமிரும் ஏறியது. களை எடுக்கப் போனால் வரப்பில் இடறும். மெட்டி அழுத்திப் புண்ணாகும். போன மாதம் பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அதை அறுத்து, நிமிர்த்தி, கம்பி செருகி, பஸ் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கழற்றிய மெட்டியைத் தாலிக் கயிற்றில் முடிந்துகொண்டு ராயக்கோட்டையில் வந்து இறங்கினேன்.

தினமும் கட்டைப் பிரித்து, மருந்துத் தண்ணீரில் கழுவி, புதுத் துணி சுற்ற வேண்டும். விட்டால் சீழ் பிடிக்கும், அப்புறம் விரலையே எடுக்க வேண்டிவரும். டாக்டர் கன்னடத்தில் சொன்னதை இவர்தான் எனக்குத் தமிழில் சொன்னார். டாக்டர் சாதாரணமாகத்தான் சொன்னார். இவர் சொல்லும்போது குரல் நடுங்கியது.

இத்தனை நாளும் கட்டு மாற்றியது பக்கத்துக் கொல்லைச் செல்வம்மாள். மகளுக்குப் பிரசவ வலி என்று ஆள் வந்ததும் நேற்று விடியலில் கல்லாவிக்குப் போய்விட்டாள். அவள் வீட்டை விட்டால் எங்களைச் சுற்றித் தக்காளிச் செடிகள்தான் இருக்கின்றன.

நானே செய்துகொள்ளலாம் என்றால் அதுவும் ஆகாது. கோழியை அசராமல் அறுப்பேன். என் விரல் நுனியில் கம்பி துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தால் மட்டும் கண் இருட்டிவிடும். நேற்று முயன்று பார்த்து, மருந்துக் கிண்ணத்தோடு சாய்ந்துவிட்டேன்.

ஆக, நேற்று கட்டு மாறவில்லை. இன்று காலையிலிருந்து விரல் விண்விண்ணென்று தெறித்தது. துணியில் மஞ்சளாக ஈரம் பரவியிருந்தது.

"வேணாங்க. நீங்க என் காலத் தொடக் கூடாது."

கட்டியவன் கையால் பெண்டாட்டி காலைத் தொட்டால் அவன் ஆயுசு குறையும் என்பார்கள் எங்கள் பக்கத்தில். என் அம்மா சொன்னாள், அவள் அம்மா அவளுக்குச் சொன்னாள். தூக்கத்தில் என் கால் இவர் மேல் பட்டால்கூட எழுந்து, தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் படுப்பேன். இவர் சிரிப்பார். சிரிக்கட்டும். ஆயுசு இவருடையதாக இருக்கலாம், அதைக் காப்பாற்றும் பொறுப்பு என்னுடையது.

"வெரலு போச்சுன்னா? நீ நொண்டிக்கிட்டுத் திரியறத நான் பாக்கணுமா?"

"பாருங்க. பாத்துக்கிட்டே நூறு வருசம் இருங்க."

இவர் என்னையே பார்த்தார். பிறகு கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

எனக்குத் திக்கென்றது. கன்றுக்குட்டி மருந்து குடிக்க மறுத்தால் இவர் கயிறு எடுத்து வந்து காலைக் கட்டிவிடுவார். பிடிவாதத்தில் எனக்குச் சளைத்த மனிதர் இல்லை. கயிற்றோடு வரட்டும், ஊரைக் கூட்டுகிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். கூட்டுவதற்குத்தான் ஊரில்லை.

அடுப்படியில் பாத்திரங்கள் உருண்டன. கனமாக எதையோ நகர்த்தும் சத்தம் கேட்டது. பின்கட்டில் தண்ணீர் மொண்டு ஊற்றுவதும் தேய்ப்பதும் வெகுநேரம் நடந்தது.

வந்தார். மார்போடு அணைத்துத் தூக்கி வந்தது அம்மிக் கல்லை.

நானும் செல்வம்மாளும் சேர்ந்து நகர்த்தவே மூச்சு வாங்கும் கல் அது. கழுத்து நரம்பு புடைக்க, வேட்டியெல்லாம் நனைந்து, ஒற்றை ஆளாகக் கொண்டுவந்து கட்டிலின் கீழே என் காலுக்கு நேராக இறக்கினார். காலையில் நான் உட்கார்ந்தபடியே அரைத்த மிளகாயின் நெடி இன்னும் போகவில்லை. கொத்துக் குழியில் ஒட்டியிருந்த சிவப்புத் தோலை நகத்தால் கிள்ளி எறிந்தார். கொடியில் காய்ந்த வெள்ளைத் துண்டை எடுத்து மடித்துக் கல்லின் மேல் போட்டார்.

பிறகு தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"இப்பத் தொடலாமில்ல?"

அம்மி மேல் வைத்த காலைப் புருஷன் தொடக் கூடாது என்று எந்த அம்மாவும் சொன்னதில்லை.

காலைச் சேலைக்குள்ளிருந்து மெல்ல நீட்டினேன். இரண்டு கையாலும் ஏந்திக் கல்லின் மேல் வைத்தார். கட்டைப் பிரிக்கத் தொடங்கினார். செல்வம்மாள் வெடுக்கென்று இழுக்கிற இடத்தில் இவர் தண்ணீர் விட்டு ஊறவைத்துக் காத்திருந்தார். இப்படி ஒருவர் கையில் இருக்கும் காலுக்கு ஒன்றும் ஆகாது என்று தோன்றியது.

கடைசிச் சுற்று பிரிந்தது. கம்பி நுனி வெளியே தெரிந்ததும் எனக்குக் கண் இருட்டத் தொடங்கியது.

"கீழ பாக்காத" என்றார் தலை நிமிராமல். "மேல பாரு. அருந்ததி தெரியுதான்னு பாத்துச் சொல்லு."

அண்ணாந்து பார்த்தேன். உச்சி வெயில். ஒரு மேகம்கூட இல்லாத வானம். கண் கூசி, நீர் வழிந்து கழுத்து வரைக்கும் இறங்கியது.

"தெரியுதுங்க" என்றேன்.